பெருமாளுக்கு விசிறிய பூவிருந்தவல்லிக்காரர்

ஆவடியிலிருந்து பூவிருந்தவல்லிக்குப் போகும் சாலையில் இருக்கிறது சென்னீர்குப்பம். அதைத் தாண்டினால் பூவிருந்தவல்லி. இன்று அந்தச் சாலையில் பஸ்களும் லாரிகளும் ஓய்வில்லாமல் ஓடுகின்றன. இரண்டு பக்கமும் கடைகள், பட்டறைகள், வரிசையாக வீடுகள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இந்த வட்டாரத்தில் ஒரு பூந்தோட்டம் இருந்தது. விடியும் முன்பே ஒருவர் எழுந்திருப்பார். செடிகளுக்குத் தண்ணீர் விடுவார். மலர்ந்த பூக்களைப் பறிப்பார். மாலையாகக் கட்டுவார். அதைக் கூடையில் வைத்துக்கொண்டு மேற்கே பார்த்து நடக்கத் தொடங்குவார். அவர் போக வேண்டிய ஊர் காஞ்சீபுரம். சுமார் 50 கிலோமீட்டர் தூரம்!

அவர்தான் திருக்கச்சி நம்பி.

ராமானுஜரைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் இல்லை. திருக்கோட்டியூர்க் கோபுரத்தின் மீது ஏறி நின்று, ரகசியமான மந்திரத்தை எல்லோருக்கும் சொன்னவர் என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். ஆனால் அந்த ராமானுஜருக்கு இளமையில் வழி காட்டியவர் யார்? ராமானுஜர் எவருடைய காலில் விழுந்து, என்னைச் சீடனாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மன்றாடினார்? பூவிருந்தவல்லியில் பிறந்த இந்தப் பூக்காரரின் காலில்தான்.

அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

வணிகர் வீட்டுப் பிள்ளை

நம்பி பிறந்தது 1009-ம் ஆண்டு என்று வைணவ மரபில் கணக்குச் சொல்கிறார்கள். மாசி மாதம், மிருகசீரிட நட்சத்திரம். அப்போது தஞ்சாவூரில் ராஜராஜ சோழன் ஆண்டுகொண்டிருந்தான். அவன் கட்டிய பெரிய கோவில் 1010-ம் ஆண்டில் நிறைவேறியது. அங்கே வானளாவிய கோபுரம் எழும்பிக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே பூவிருந்தவல்லியில் ஒரு வணிகர் வீட்டில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

பெற்றோர் வைத்த பெயர் கஜேந்திரதாசர் என்பார்கள். யானையாகிய கஜேந்திரனைப் பெருமாள் ஓடி வந்து காப்பாற்றிய கதை நமக்குத் தெரியும். அந்த யானையின் பெயர்தான் அது.

தந்தைக்கு நான்கு பிள்ளைகள். நம்பி கடைசிப் பிள்ளை. தந்தை தம் செல்வத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். மூத்தவர்கள் மூன்று பேரும் வியாபாரத்தில் இறங்கினார்கள். பணம் பெருகிற்று. கடைசிப் பிள்ளையோ தம் பங்கைக் கொண்டு நந்தவனம் வைத்தார். அதில் பூத்த பூவையெல்லாம் பெருமாளுக்கே கொடுத்தார். ஒரு காசு வரவில்லை. வணிகர் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்! ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை இது.

ஊரின் பெயரிலேயே பூ இருக்கிறது. அங்குள்ள தாயாருக்கும் புஷ்பவல்லி என்றுதான் பெயர். அவர் வேறு என்ன செய்வார்!

உலகத்தை விட்டு விலகித் தோட்டம் போட்டவர்கள் மற்ற நாடுகளிலும் உண்டு. அயர்லாந்து நாட்டில் பிறந்த பியாக்கர் என்ற கிறிஸ்தவத் துறவி, 7-ம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டுக் காட்டில் தனியே குடிசை போட்டுக்கொண்டு வாழ்ந்தார். காய்கறியும் மூலிகையும் பயிரிட்டு, வந்த வழிப்போக்கர்களுக்கும் நோயாளிகளுக்கும் கொடுத்தார். தோட்டக்காரர்களின் காவல் புனிதர் என்று ஐரோப்பாவில் அவரை இன்றும் கொண்டாடுகிறார்கள். பியாக்கர் மனிதர்களை விட்டுக் காட்டுக்குப் போனார். நம் நம்பி காட்டுக்குப் போகவில்லை. ஊருக்கு நடுவிலேயே இருந்தார். தினமும் நாலு பேர் நடக்கும் சாலையில் நடந்தார். துறந்தது காசையும் பெருமையையும்தான்.

வழியில் ஒரு சிறுவன்

பூவிருந்தவல்லியிலிருந்து காஞ்சீபுரத்துக்கு அவர் நாள்தோறும் நடந்து போய் வந்தார் என்று பக்தர்கள் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது மலைப்பாக இருக்கிறது. சாதாரணமாக நடப்பவர் மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர்தான் நடப்பார். போவதற்கு மட்டும் பத்து மணி நேரம் ஆகும். பல நாட்கள் காஞ்சியிலேயே தங்கியிருந்து, அவ்வப்போது ஊருக்கு வந்து போயிருக்க வேண்டும். காஞ்சியில் அவர் இருந்த காலத்து நிகழ்ச்சிகளும் பல உண்டு. எப்படி இருந்தாலும், அந்தச் சாலை அவர் காலடி பட்டுத் தேய்ந்தது உண்மை.

வழியில் ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது. அங்கே 1017-ம் ஆண்டில் ராமானுஜர் பிறந்தார். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் இளையாழ்வார். பூக்கூடையோடு தம் தெரு வழியாகப் போகும் நம்பியைச் சிறுவன் இளையாழ்வார் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு நாள் மாலை அவரை வீட்டுக்கு அழைத்தான். சாப்பிடச் செய்தான். அவர் களைத்துப் படுத்தபோது காலைப் பிடித்துவிடக் கை நீட்டினான்.

நம்பி பதறி எழுந்துவிட்டார். இளையாழ்வார் அந்தணர் வீட்டுப் பிள்ளை. நம்பியோ வேறு குலத்தவர். தம் காலை அந்தப் பிள்ளை தொடுவது தகாது என்று தடுத்தார். பக்தி உள்ளவர் எந்தக் குலத்தவராக இருந்தால் என்ன என்பது சிறுவனின் எண்ணம். அன்று இரவு இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

காலைத் தொடவிடாத அந்த இரவு, பின்னால் நடந்ததற்கெல்லாம் முன்னுரை போல அமைந்துவிட்டது.

ஆலவட்டம்

காஞ்சியில் வரதராஜப் பெருமாள் இருக்கும் இடத்துக்கு அத்திகிரி என்று பெயர். மலை என்று பெயரே தவிர, படி ஏறிப் போகும் ஒரு மேடுதான். பிரமதேவன் அங்கே ஒரு பெரிய வேள்வி செய்தான் என்றும், அந்த வேள்வித் தீயின் நடுவிலிருந்து பெருமாள் தோன்றினார் என்றும் புராணம் சொல்கிறது.

தீயில் தோன்றியவருக்கு உடம்பு சுடாதா? இப்படி நினைத்தார் நம்பி. பெரியவர்களுக்கு வராத நினைப்பு. குழந்தைகளுக்கு வரும், தாய்க்கு வரும். நம்பிக்கும் வந்தது. வட்டமான பெரிய விசிறி ஒன்றை எடுத்துக்கொண்டு பெருமாள் முன்னால் நின்று வீசத் தொடங்கினார். கோவில் வழக்கில் அந்த விசிறியை ஆலவட்டம் என்பார்கள். அதுவே அவருடைய வாழ்நாள் தொண்டாகிவிட்டது.

இதைப் பற்றி ஓர் அழகான கதை உண்டு. நம்பி முதலில் திருவரங்கத்துக்குப் போய் அரங்கநாதருக்கு விசிற விரும்பினாராம். அரங்கநாதர் வேண்டாம் என்றார். ஒரு பக்கம் காவேரி, மறு பக்கம் கொள்ளிடம். நடுவில் படுத்திருக்கும் தமக்குக் காற்றுக்கு என்ன குறை என்று சொல்லிவிட்டார். அடுத்துத் திருப்பதிக்குப் போனார். உயர்ந்த மலை மேல் குளிரில் நிற்கும் தமக்கு விசிறி எதற்கு என்றார் வேங்கடவன். வேள்வித் தீயில் பிறந்த காஞ்சிப் பெருமாளிடம் போகும்படி சொல்லி அனுப்பினார். இப்படித்தான் நம்பி காஞ்சிக்கு வந்து சேர்ந்தார் என்பார்கள். சித்திரை வெயிலில் காஞ்சீபுரத்துக்குப் போய் வந்தவர்களுக்கு இந்தக் கதையின் நியாயம் உடனே புரியும்!

பேசும் பெருமாள்

விசிறும்போது பெருமாள் நம்பியோடு பேசுவார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. ஒரு மனிதரிடம் இன்னொரு மனிதர் பேசுவது போலவே பேசுவார். கேள்வி கேட்டால் பதில் சொல்வார்.

இந்தச் செய்தி காஞ்சி முழுவதும் பரவிற்று. பெரிய அதிகாரியிடம் செல்வாக்கு உள்ளவர் என்று தெரிந்தால் ஒருவரை ஊர் சும்மா விடுமா? அதிகாரியின் வீட்டுக் காவல்காரனைக்கூட விடாது. இவரோ கடவுளிடமே பேசுகிறவர்! அவர் நினைத்திருந்தால் மடம் கட்டியிருக்கலாம். சீடர்களைச் சேர்த்திருக்கலாம். காணிக்கை குவிந்திருக்கும்.

அவர் எதையும் செய்யவில்லை. காலையில் பூ. பிறகு விசிறி. யாராவது தங்கள் துயரத்தைச் சொன்னால் பெருமாளிடம் சொல்வார். பதில் கிடைத்தால் வந்து சொல்வார். தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவது போலத்தான்.

நம்பிக்கு ஒரு குரு இருந்தார். அவர் திருவரங்கத்தில் இருந்த ஆளவந்தார். வைணவ உலகத்துக்கே அப்போது அவர்தான் தலைவர். அவருக்கு ஒரு கவலை. வயதாகிவிட்டது. தமக்குப் பிறகு யார்?

சாலைக் கிணறு

இதற்கிடையில் இளையாழ்வார் வளர்ந்துவிட்டார். தஞ்சமாம்பாள் என்ற பெண்ணை மணந்தார். காஞ்சிக்கு வந்து யாதவப் பிரகாசர் என்ற பெரும் பண்டிதரிடம் வேதாந்தம் படித்தார். ஆனால் குரு சொன்ன பொருளைச் சீடரின் மனம் ஏற்கவில்லை. எதிர்த்துப் பேசினார். குருவுக்குக் கோபம் வந்தது. கோபம் பகையாயிற்று. காசி யாத்திரை என்று அழைத்துப் போய் வழியில் இளையாழ்வாரைத் தீர்த்துவிடத் திட்டம் போட்டார்கள்.

உடன் வந்த சித்தி மகன் கோவிந்தன் இதை அறிந்து எச்சரித்தார். இளையாழ்வார் விந்திய மலைக் காட்டில் தனியே தப்பி ஓடினார். இருட்டில் ஒரு வேடனும் அவன் மனைவியும் துணைக்கு வந்தார்கள். இரவில் வேடன் மனைவிக்குத் தாகம் எடுத்தது. காலையில் இளையாழ்வார் ஒரு கிணற்றிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். திரும்பிப் பார்த்தால் அவர்களைக் காணவில்லை. எதிரே காஞ்சிக் கோவிலின் கோபுரம் தெரிந்தது! வேடனாக வந்தவர் வரதராஜரே. அவர் மனைவியாக வந்தவர் பெருந்தேவித் தாயாரே என்பது கதை.

அடுத்து என்ன செய்வது? படிப்புப் போயிற்று. குரு பகைவர் ஆகிவிட்டார். கலங்கி நின்ற இளையாழ்வார், சிறு வயதில் கால் பிடிக்க முயன்ற அதே நம்பியிடம் ஓடினார்.

நம்பி பெரிய உபதேசம் எதுவும் செய்யவில்லை. ஒரு வேலை கொடுத்தார். பெருந்தேவித் தாயார் தண்ணீர் குடித்த அந்தக் கிணற்றிலிருந்து நாள்தோறும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து பெருமாளுக்குக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். அதுதான் காஞ்சியை அடுத்த செவிலிமேட்டில் இன்றும் இருக்கும் சாலைக் கிணறு. வேதாந்தம் படித்த பிள்ளை குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தது. மனம் கலங்கியவனுக்கு முதலில் கைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று நம்பிக்குத் தெரிந்திருந்தது.

இதற்கு முன்னால் ஒரு முறை ஆளவந்தார் காஞ்சிக்கு வந்திருந்தார். கரியமாணிக்கப் பெருமாள் சன்னதிப் பக்கம் நின்றபடி, யாதவப் பிரகாசரோடு கூட்டமாகப் போன மாணவர்களைப் பார்த்தார். அதில் யார் இளையாழ்வார் என்று அடையாளம் காட்டியவர் நம்பிதான். ஆளவந்தார் இளையாழ்வாரோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இந்தப் பிள்ளையைத் தமக்குத் தர வேண்டும் என்று வரதராஜரை வேண்டிக்கொண்டு திரும்பிவிட்டார்.

பிறகு உடல்நிலை கெட்டபோது, பெரிய நம்பி என்ற சீடரைக் காஞ்சிக்கு அனுப்பி இளையாழ்வாரை அழைத்து வரச் சொன்னார். குடத்தோடு வந்த இளையாழ்வாரைப் பெரிய நம்பி சந்தித்தார். இருவரும் விரைந்தார்கள். திருவரங்கம் போய்ச் சேர்ந்தபோது ஆளவந்தாரின் உடலைத்தான் பார்க்க முடிந்தது. இளையாழ்வார் மனம் உடைந்து காஞ்சிக்குத் திரும்பினார்.

எறியப்பட்ட இலை

தேடிய குருவும் போய்விட்டார். இனி நம்பியே தமக்குக் குரு என்று இளையாழ்வார் முடிவு செய்தார். காலில் விழுந்தார்.

நம்பி மறுத்தார். அந்தணர் அல்லாத தாம் அந்தணருக்குக் குருவாக இருப்பது அன்றைய சாஸ்திரத்துக்குப் பொருந்தாது என்றார். கடவுளே பேசும் ஒருவர், தம் பிறப்பைக் காரணம் காட்டி ஒதுங்குகிறார்! இன்று நினைத்தால் நமக்கு நெஞ்சு கனக்கிறது. அடக்கம் என்று இதை நூல்கள் புகழ்கின்றன. அடக்கம்தான். ஆனால் அவரை அப்படிச் சொல்ல வைத்த காலத்தையும் நாம் மறந்துவிட முடியாது.

இளையாழ்வார் வேறு வழி யோசித்தார். பெரியவர் உண்ட மிச்சத்தை உண்டால் அதுவும் சீடனாவதற்குச் சமம் என்பது அன்றைய நம்பிக்கை. ஆகவே நம்பியைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். நம்பியும் வருவதாகச் சொன்னார். தஞ்சமாம்பாள் விடியற்காலையிலேயே குளித்துச் சமைத்தார். இலை போடும் நேரம் வந்தது. இளையாழ்வார் விருந்தாளியை எதிர்கொண்டு அழைக்க ஒரு தெரு வழியாகப் போனார்.

நம்பி வேறு தெரு வழியாக வந்துவிட்டார்.

கோவிலுக்கு நேரமாகிறது, உடனே சாப்பாடு போட வேண்டும் என்று தஞ்சமாம்பாளிடம் சொன்னார். அவரும் பரிமாறினார். நம்பி சாப்பிட்டு எழுந்து போய்விட்டார். தஞ்சமாம்பாள் இலையை எடுத்து வெளியே எறிந்தார். மீதி இருந்த உணவை வேலைக்காரர்களுக்குக் கொடுத்தார். நம்பி உட்கார்ந்த இடத்தைச் சாணம் போட்டு மெழுகினார். மறுபடி குளித்தார். கணவருக்காகப் புதிதாக உலை வைத்தார்.

இளையாழ்வார் தெருத்தெருவாகத் தேடிவிட்டுத் திரும்பினார். மனைவி ஈரத் தலையோடு சமைத்துக்கொண்டிருந்தார். தரை மெழுகிக் கிடந்தது. இலை இல்லை. நடந்தது தெரிந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தஞ்சமாம்பாளைக் குற்றம் சொல்லாதவர்கள் இல்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பெண் தன் தாய் வீட்டில் கற்றுக்கொண்டதைச் செய்தார். அந்த இலை கணவருக்கு எவ்வளவு பெரிது என்று அவரிடம் யாரும் சொல்லி வைத்ததாகத் தெரியவில்லை. கணவர் எந்த உலகத்தில் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்தும் இருவரும் வேறு வேறு தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள்.

நம்பி வேண்டுமென்றேதான் வேறு தெருவில் வந்தார் என்று சிலர் சொல்வார்கள். இளையாழ்வாரின் எண்ணம் அவருக்குத் தெரிந்திருக்கும். தம் எச்சிலை ஓர் அந்தணர் உண்ண விடக் கூடாது என்று தப்பித்துக்கொண்டார் என்பது அவர்கள் கருத்து. சிறுவனாக வந்து காலைப் பிடித்தபோது பதறி எழுந்தவர் அல்லவா?

ஆறு வார்த்தைகள்

இளையாழ்வாரின் மனத்தில் சில சந்தேகங்கள் இருந்தன. குரு இல்லாததால் கேட்க ஆளில்லை. நம்பியிடம் வந்தார். தம் மனத்தில் சில எண்ணங்கள் உள்ளன, அவற்றுக்குப் பெருமாளின் முடிவு என்ன என்று கேட்டு வர வேண்டும் என்றார். அந்த எண்ணங்கள் என்ன? சொல்லவில்லை. நம்பியும் கேட்கவில்லை!

இரவு ஆலவட்டம் வீசி முடிந்தது. அர்ச்சகர்கள் போய்விட்டார்கள். நம்பி விண்ணப்பித்தார். பெருமாள் ஆறு விடைகளைச் சொன்னார் என்பது வரலாறு. தாமே எல்லாவற்றுக்கும் மேலான பரம்பொருள். உயிரும் கடவுளும் வேறு வேறு. தம்மைச் சரணடைவதே உய்யும் வழி. சரணடைந்தவர் சாகும் நேரத்தில் தம்மை நினைக்காவிட்டாலும் குறையில்லை. இந்த உடல் விழும்போதே அவருக்கு வீடு உண்டு. குருவாகப் பெரிய நம்பியைப் பற்ற வேண்டும்.

நான்காவது விடையைப் பாருங்கள். நோயில் நினைவு தப்பிக் கிடக்கும் கிழவனுக்கும் கிழவிக்கும் அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

கேள்வி தெரியாமலே விடையைச் சுமந்து வந்தார் நம்பி. வரிசையாகச் சொன்னார். ஒவ்வொன்றும் இளையாழ்வார் மனத்தில் இருந்த ஒவ்வொரு கேள்விக்கும் சரியாகப் பொருந்தியது. ஒன்றும் தவறவில்லை. இளையாழ்வார் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கினார். பின்னாளில் ராமானுஜர் நாட்டுக்கு எடுத்துச் சொன்ன விசிஷ்டாத்வைதக் கொள்கையின் வித்து இந்த ஆறிலும் இருக்கிறது என்று வைணவப் பெரியவர்கள் காட்டுவார்கள்.

ஆறாவது விடையைச் சொல்லும்போது நம்பியின் மனம் எப்படி இருந்ததோ! தம்மைக் குருவாக ஏற்கத் துடித்த பிள்ளையிடம், வேறொருவரைத் தேடிப் போகும்படி தம் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார்.

இளையாழ்வார் திருவரங்கம் நோக்கிப் புறப்பட்டார். அங்கிருந்து பெரிய நம்பியும் காஞ்சியை நோக்கி வந்துகொண்டிருந்தார். மதுராந்தகத்தில், ஏரி காத்த ராமர் கோவிலில் இருவரும் எதிரெதிரே சந்தித்தார்கள். அங்கே மகிழ மரத்தடியில் ராமானுஜருக்கு வைணவ தீட்சை நடந்தது.

பிறகு வீட்டில் இன்னும் சில மனத்தாங்கல்கள் ஏற்பட்டன. ராமானுஜர் மனைவியைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காஞ்சி வரதராஜர் முன்னிலையில் துறவு பூண்டார். பழைய குரு யாதவப் பிரகாசரே மனம் மாறி வந்து, பழைய மாணவரின் சீடரானார்! சில காலத்தில் திருவரங்கத்திலிருந்து அரையர் ஒருவர் வந்தார். வரதராஜர் முன் பாடி ஆடி, பரிசாக ராமானுஜரையே கேட்டுப் பெற்று அழைத்துப் போய்விட்டார்.

நம்பி காஞ்சியிலேயே இருந்தார். விசிறியைக் கீழே வைக்கவில்லை.

நம்பி கேட்ட கேள்வி

எல்லோருக்காகவும் பெருமாளிடம் கேட்டவர், தமக்காக ஒரே ஒரு முறை கேட்டார். தமக்கு வீடுபேறு உண்டா?

கிடைத்த பதில் அவர் எதிர்பார்க்காதது. நம்பி விசிறினார், அதற்காகப் பெருமாள் பேசினார். கூலி தீர்ந்துவிட்டது; கணக்கு நேராகிவிட்டது என்றார் பெருமாள். வீடு வேண்டுமென்றால் அடியார் ஒருவருக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

வணிகர் குலத்தில் பிறந்தவரிடம் கடவுள் வரவு செலவுக் கணக்குப் பார்க்கிறார்! வேறு ஒருவராக இருந்தால் மனம் கசந்திருக்கும். இத்தனை ஆண்டு வெயிலிலும் மழையிலும் நடந்தது, பூக்கட்டியது, கை கடுக்க விசிறியது எல்லாம் வெறும் பேச்சுக்குச் சரியாகப் போயிற்றா?

நம்பி ஒன்றும் சொல்லவில்லை. பாண்டிய நாட்டில் இருக்கும் திருக்கோட்டியூருக்குப் போனார். திருக்கோட்டியூர் நம்பியின் வீட்டில், தாம் யார் என்று சொல்லாமல், மாடு மேய்க்கும் வேலையில் சேர்ந்தார். பிற்காலத்தில் ராமானுஜர் 18 முறை நடந்து போய் மந்திரத்தின் பொருளைக் கேட்டறிந்தது இதே திருக்கோட்டியூர் நம்பியிடம்தான். மாட்டுக்காரர் யார் என்று ஒரு நாள் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. காஞ்சிப் பெருமாளோடு பேசுகிறவர் தம் தொழுவத்தில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தார் என்று அறிந்து அவர் திடுக்கிட்டுப் போனார் என்பார்கள்.

நம்பி பெரிய நூல்கள் எழுதவில்லை. வரதராஜர் மீது வடமொழியில் எட்டுச் சுலோகங்கள் பாடியிருக்கிறார். தேவராஜாஷ்டகம் என்று அதற்குப் பெயர். நாள்தோறும் கடவுளோடு பேசியவர் பாடியது என்று யாரும் நினைக்க முடியாது. உலக வாழ்க்கையைக் கொடிய பாலைவனம் என்கிறார். அதில் வழி தெரியாமல் தவிக்கும் ஏழையாகத் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். பெருமாளின் கடைக்கண் பார்வை தம் மேல் விழாதா என்று ஏங்குகிறார். பேசிப் பழகிய பெருமையின் சாயல்கூட அதில் இல்லை.

பெருமாள் வந்தார்

வயது ஏறிற்று. கால் தள்ளாடிற்று. பூவிருந்தவல்லியிலிருந்து காஞ்சிக்கு நடக்க முடியவில்லை. பூத்த பூக்கள் தோட்டத்தில் இருந்தன. கொண்டுபோக ஆளில்லை. நம்பி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மேற்கே பார்த்து அழுதார்.

அப்போது வரதராஜரே காஞ்சியை விட்டுப் பூவிருந்தவல்லிக்கு வந்து காட்சி கொடுத்தார் என்று ஊர் மக்கள் சொல்கிறார்கள். அவர் மட்டும் வரவில்லையாம். முன்பு விசிறி வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய திருவரங்கத்து அரங்கநாதரும், திருமலை வேங்கடவனும் கூடவே வந்தார்களாம்.

பூவிருந்தவல்லி வரதராஜப் பெருமாள் கோவிலுக்கு இன்று போனாலும் மூன்று பேரையும் பார்க்கலாம். வரதராஜர் நடுநாயகமாக இருக்கிறார். அரங்கநாதருக்குச் சன்னதி இருக்கிறது. சீனிவாசருக்கும் இருக்கிறது. ஒரே கோவிலுக்குள் காஞ்சி, திருவரங்கம், திருப்பதி மூன்றையும் சுற்றி வந்துவிடலாம். திருக்கச்சி நம்பிக்கும் அங்கே தனிச் சன்னதி உண்டு. ஆண்டுதோறும் மாசி மாதத்தில் அவர் பிறந்த மிருகசீரிட நாளை ஒட்டி விழா எடுக்கிறார்கள். அன்று நம்பிக்குப் பூமாலை சாத்துகிறார்கள்.